பின்கண்ணாடி

எண்ணூறு கொருனா சொன்னார். நான் பேரம் பேசவில்லை.
நூற்றுப் பன்னிரண்டு லிட்டர் தொட்டி,
மூடி கிடையாது, விளக்கு கிடையாது.
நான்கு மாடி. லிப்டில் பழுது என்று தாள் ஒட்டியிருந்தது.
கனம் இறங்கும் கீழ்முனையை ஹினெக் தானே பிடித்துக்கொண்டு
பின்னோக்கி இறங்கினார்,
படிக்குப் படி மன்னிப்புக் கேட்டபடி.
"மூன்று வாரம்தான் சும்மா கிடந்தது" என்றார்,
நான் ஒன்றும் கேட்காமலே.

பெரோவுனில் எங்கள் தண்ணீர் கடினம்.
கெட்டிலின் அடியில் செதில், குழாய் வாயில் செதில்,
இஸ்திரிப் பெட்டி வெள்ளையாய்த் தும்மும்.
பகல் முழுக்க சிமெண்ட் ஆலை வாசலில்
லாரிகளுக்குச் சீட்டு எழுதுகிறேன்:
சுண்ணாம்புக்கல் உள்ளே, சுண்ணாம்புக்கல் வெளியே.
வீட்டுக்கு வந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு
அதையே சுரண்டுகிறேன்.

குளியல் தொட்டிக்குள் பக்கவாட்டில் கிடத்தினேன்.
காகிதத் துண்டுகளை வினிகரில் நனைத்து
கண்ணாடிமேல் ஒட்டி, பிளாஸ்டிக் தாளால் போர்த்தி,
காய்ச்சல்காரன் நெற்றித் துணியை மாற்றுவதுபோல்
மணிக்கொருமுறை மாற்றினேன்.
மெல்ல நுரைத்தது, காது வைத்தால் கேட்கிற அளவு.
வீடெல்லாம் வெள்ளரி ஊறுகாய் நெடி.
மேல்வீட்டு ஸ்லாவ்கா கதவைத் தட்டி,
"பிப்ரவரியில் எவளாவது வெள்ளரி ஊறப்போடுவாளா?" என்றாள்.

பிளேடைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.
மூலைச் சிலிக்கான் பக்கம் போகவே கூடாது,
அறுந்தால் அவ்வளவுதான்.
முன்பக்கம் இரண்டே தடவையில் பளிச்சென்றது.
அறையைப் பார்த்த கண்ணாடிக்கு வெண்ணெய்,
சுவரைப் பார்த்த கண்ணாடிக்குச் சுண்ணாம்பு.
ஹினெக்கின் வருஷங்கள் எல்லாம்
பின்பக்கத்தில் இருந்தன.

உச்சியில் ஒரு மெல்லிய கோடு:
ஒரு ஞாயிறு எங்கோ போயிருப்பார்.
இரண்டு விரல் கீழே இன்னொன்று: ஒரு கோடை.
அப்புறம் நெருக்கி நெருக்கி ஏழெட்டு.
பாதியில், சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு பட்டை.
மூன்று வாரத்தில் வருகிற பட்டை இல்லை அது.
தண்ணீர் இறங்க இறங்க
ஹீட்டர் வெளியே தலை நீட்டியிருக்கும்.
உள்ளே இருந்தவை எந்த மூலையில் ஒதுங்கின?
எனக்குக் கோபம் வந்தது.
பிளேடை மாற்றினேன்.

நனைந்திருக்கும்போது எல்லாம் போய்விட்ட மாதிரிதான் இருக்கும்.
காய்ந்தால்தான் யோக்கியதை தெரியும்.
மூன்றாம் இரவு, துடைத்துக் காயவிட்டு, டார்ச் அடித்தபோது
பட்டைக்குச் சற்றுக் கீழே
ஒரு சுழி, அதற்கு ஒரு வால்.
விரலால் வரைந்த மீன்.
சுண்ணாம்பு இன்னும் ஈரமாய் இருந்த ஏதோ ஒரு நாளில்
யாரோ கையை உள்ளே விட்டு இழுத்த கோடு.
சுண்ணாம்பு போய்விட்டது.
கோட்டைச் சுற்றி அது கண்ணாடியைத் தின்ற தடம்
எதற்கும் அசையவில்லை.

படமெடுத்து அனுப்பினேன்:
"உங்கள் குழந்தை வரைந்ததோ? போகமாட்டேன் என்கிறது."
இரண்டு நாள் பதிலே இல்லை.
பிறகு, "எங்களுக்குக் குழந்தை இல்லை."
அரை மணி கழித்து இன்னொன்று:
"வினிகரைச் சூடாக்கிப் பாருங்கள், போஹ்தானா."

சூடாக்கவில்லை.

ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் வைத்து
வாளி வாளியாய் ஊற்றினேன்.
ஏழாவது வாளியில் தண்ணீர் அதன் வயிற்றைத் தொட்டது.
எட்டாவதில் அது இல்லை.
தடவிப் பார்த்தால் மட்டும்
விரல்நுனியில் லேசாய்ச் சொரசொரப்பு.

இப்போது ஆறு கப்பி மீன்கள்,
அதில் ஒன்று சோம்பேறி.
சமையலறைக் காலண்டரில்
சனிக்கிழமைகளை எல்லாம் வட்டமிட்டிருக்கிறேன்.
இன்று செவ்வாய்தான்.
ஒரு விரல் குறைந்திருக்கிறது.
வாளியை எடுக்கிறேன்.